ஓட்டுப் போட்டு ஓட்டைக் குறைப்பதா?

3,05,700 பேர் ‘வேண்டும்’ என்றனர். 1,72,725 பேர் ‘வேண்டாம்’ என்றனர். மாநிலத்தின் மாவட்டம் ஒவ்வொன்றிலும் ‘வேண்டும்’ என்றவர்களே மிகுதி. மாறி நின்ற மாவட்டம் ஒன்றுகூட இல்லை. மக்கள் தம் மனத்தை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

சொன்னார்கள். சொல்லி இருபது திங்கள் ஆவதற்குள் ஆறு நீதிபதிகள், “செல்லாது!” என்று கூறிவிட்டனர்.

இடம், அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலம். மக்கள் ஓட்டளித்த நாள் 1962 நவம்பர் 6. உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்த நாள் 1964 ஜூன் 15. அமர்ந்திருந்த நீதிபதிகள் ஒன்பதின்மர். அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

தோழர்களே! இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது சினம்தான். மறைப்பானேன்? ஆறு கருப்பு அங்கிகள் மூன்று இலட்சம் மக்களைவிடப் பெரியனவா? மக்கள் கொடுத்ததை மன்றம் பறிப்பதா? நமக்கு இந்தச் சினம் புதிதும் அன்று. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி ஆணையிட்டுத் தொடங்கிவைத்த வகுப்புவாரி உரிமையை, 1950இல் சென்னை உயர்நீதி மன்றம் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதி மன்றமும் அதையே சொல்லிற்று. பெரியார் கொதித்தார், தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி வழி செய்யலாம் என்னும் 15ஆம் விதியின் 4ஆம் பிரிவு அதன் வழியாகத்தான் நுழைந்தது. அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள் நாம். நீதிபதி சொல்லிவிட்டார் என்பதற்காகவே கைகட்டி, வாய் பொத்தி நிற்கும் வழக்கம் நமக்கு இல்லை.

ஆயினும், கொலராடோ வழக்கில் நான் அந்த அறுவர் பக்கம் நிற்கிறேன். சினம் தணிந்து எண்ணிப் பார்த்தபின் வந்த முடிவு இது. எண்ணிய வழியை உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நம் நாட்டில் இல்லாத ஓர் உரிமை மக்களுக்கு உண்டு. கையெழுத்துத் திரட்டி, மாநில அரசியல் சட்டத்துக்கே திருத்தம் ஒன்றை முன்மொழிந்து, பொதுத் தேர்தலின்போது அதன்மீது ஓட்டெடுக்கச் செய்யலாம். சட்டசபை உறங்கினாலும் மக்கள் விழித்துச் செயலாற்ற ஒரு வழி. அவ்வழியே 1962இல் கொலராடோ மக்கள் முன் இரு திருத்தங்கள் வந்தன. மாநிலத்துக்கு இரு சபைகள். இரண்டுக்கும் மக்கள் தொகைப்படியே தொகுதிகள் வகுக்கவேண்டும் என்றது திருத்தம் 8. கீழ்சபைக்கு மக்கள் தொகை; மேல்சபைக்கு மக்கள் தொகையோடு நிலப்பரப்பு, மலை, போக்குவரவு, வட்டாரம் ஆகியவற்றையும் கணக்கிடவேண்டும் என்றது திருத்தம் 7. மக்கள் எட்டைத் தள்ளினர், ஏழை ஏற்றனர்.

ஏழின்படி அமையும் மேல்சபைக்கு உறுப்பினர் 39. மாநில மக்களில் 33.2 விழுக்காட்டினர் வாழும் தொகுதிகள் சேர்ந்தால் அந்தச் சபையின் பெரும்பான்மையைப் பிடித்துவிடலாம். மிகப் பெரிய தொகுதிக்கும் மிகச் சிறிய தொகுதிக்கும் இடையே மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் வேற்றுமை. மலைப்புற ஊரில் ஒருவனின் ஓட்டு, நகரத்தில் மூவரின் ஓட்டைவிடக் கனம் என்று பொருள்.

எதிர்த்தரப்பைக் கேலி செய்து ஒதுக்கிவிடலாம், அது எளிது. ஆனால் அவர்களுக்கும் நியாயம் ஒன்று இருந்தது. கொலராடோவை நடுவில் மலைத்தொடர் பிளக்கிறது. மேற்குச் சரிவில் பனி உருகி நீர் பெருகுகிறது. அங்கே மக்கள் குறைவு. கிழக்கே டென்வர் நகரமும் புறநகர்களும். அங்கே மக்கள் மிகுதி, நீர் குறைவு. ஓட்டெடுப்பு நடந்த அதே 1962ஆம் ஆண்டில், மலையை 23 மைல் நீளத்துக்குக் குடைந்து, மேற்குச் சரிவின் நீரை டென்வருக்குக் கொண்டுசெல்லும் ராபர்ட்ஸ் சுரங்கம் முடிவடைந்தது. அதற்கான அணைக்காக டில்லன் என்னும் சிற்றூர் இடம்பெயர்ந்தது. அந்த மலைப்புறத்துக் குடியானவன், “தலைகளை மட்டும் எண்ணினால் என் ஆற்றையும் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களே!” என்று கேட்டால் அது பேராசைக் குரல் அன்று, அச்சத்தின் குரல். காவிரியைப் பற்றிப் பேசும் நாம் அந்த அச்சத்தை அறியோமா?

நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், மாறுபட்ட தம் தீர்ப்பில், இந்தக் குரலுக்குத்தான் செவி சாய்த்தார். தலையெண்ணிக்கை ஒன்றே பிரதிநிதித்துவம் ஆகிவிடாது. வட்டாரங்களுக்கு வெவ்வேறு வாழ்வு உண்டு. மக்களே அறிந்து, ஆராய்ந்து, ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை, அது அறிவுக்குப் பொருந்தியிருக்கும் வரையில், நீதிமன்றம் ஏன் கலைக்கவேண்டும்? — இது அவர் வாதத்தின் சாரம். நல்ல வாதம். இன்று படித்தாலும் கனமாகவே இருக்கிறது.

ஆனால், அந்த நவம்பர் நாளை மறுபடி நினைத்துப் பாருங்கள். மாநிலம் முழுவதும் ஓட்டெடுப்பு. மலையூரான் போட்ட ஓட்டு ஒன்று. டென்வர்த் தொழிலாளி போட்ட ஓட்டும் ஒன்று. எவன் ஓட்டும் மூன்றாக எண்ணப்படவில்லை. எவன் ஓட்டும் மூன்றில் ஒன்றாகத் தேய்க்கப்படவில்லை. அப்படிச் சரிசமமாக எண்ணியதனால்தான் 3,05,700 என்ற எண்ணுக்கு மதிப்பு வந்தது; “மக்கள் தீர்ப்பு” என்று சொல்லும் உரிமை வந்தது. இனி ஓட்டுகள் சமம் அல்ல என்ற முடிவை, ஓட்டுகள் சமம் என்ற அடித்தளத்தின்மேல் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார்கள்! மலையூரான் ஓட்டு மூன்று மடங்கு கனமாக இருப்பது நீதியானால், அந்த நாளிலேயே அவ்வாறு எண்ணியிருக்கலாமே? எண்ணவில்லை. எண்ணியிருந்தால் யாரும் அதை மக்கள் தீர்ப்பு என்று ஒப்பியிருக்கமாட்டார்கள். ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது, ஏறி நிற்கும்போதே ஏணியை அறுக்கும் வேலை.

“சரி, அவர்களே அறுத்துக்கொண்டார்கள், உமக்கு என்ன?” என்று கேட்கலாம். இதுதான் வழக்கின் கடினமான இடம். டென்வர் நகரம் தனி மாவட்டம். அங்கும் பெரும்பான்மையோர் ஏழாவது திருத்தத்துக்கே ஓட்டளித்தனர். பறிகொடுப்பவனே, “எடுத்துக்கொள்” என்கிறான்! பிறர் பறித்தால் கொடுமை. தானே கொடுத்தால்?

இங்கே என் வகுப்பறையில் நடந்த சிறு செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். சுற்றுலா ஒன்றுக்கு ஏற்பாடு. தலைக்கு இவ்வளவு என்று பணம் குறித்தாயிற்று. நான்கு பிள்ளைகளால் கட்ட இயலாது. இரண்டு வாரம் தள்ளிவைத்துப் பொதுவாகப் பணம் சேர்த்து எல்லாரும் போவதா, குறித்த நாளில் கட்டியவர்கள் மட்டும் போவதா என்ற கேள்வி எழுந்தது. “ஜனநாயக முறைப்படி கை தூக்குங்கள்” என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். கட்டியவர்கள் மட்டும் போகலாம் என்பதற்குக் கைகள் எழுந்தன. எண்ணி, கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் கண்டேன் — அந்த நால்வரில் மூவரின் கையும் மேலே இருந்தது. பிறகு தனியே அழைத்து, “ஏனப்பா தூக்கினாய்?” என்று ஒருவனைக் கேட்டேன். “எல்லாரும் தூக்கினாங்க சார்” என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூவர் கை தூக்கியது ஒருபுறம் இருக்கட்டும். நாணத்தினால் தூக்கினார்களோ, விருப்பத்தினால் தூக்கினார்களோ, அவரவர் இடத்தை அவரவர் விட்டுக்கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கை தூக்காத அந்த நான்காமவன்? அவன் இடத்தை விட்டுக்கொடுக்க அந்த மூவருக்கு என்ன உரிமை? முப்பது பேருக்குத்தான் என்ன உரிமை? ஓட்டெடுப்பே எடுத்திருக்கக் கூடாத ஒன்றுக்கு நான் ஓட்டெடுத்துவிட்டேன்.

தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு இந்த நான்காமவனைத்தான் பிடித்துக்கொண்டது. சமமான ஓட்டு என்பது டென்வர் என்னும் நகரத்தின் சொத்து அன்று. நகரம் கூடி விற்றுவிடவும் முடியாது. அது ஒவ்வொரு குடிமகனுக்கும் தனித்தனியே உரியது. பெரும்பான்மையோர் விரும்பினார்கள் என்ற காரணத்தால் மட்டும் தனி ஒருவனின் உரிமையை மீறிவிட முடியாது என்றார் அவர். தன் உரிமையை ஒருவன் பயன்படுத்தாமல் விடலாம். வீட்டிலேயே படுத்து உறங்கலாம். பக்கத்து வீட்டானின் உரிமையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, “நாங்கள் ஊரார் சேர்ந்து முடிவு செய்தோம்” என்று சொல்லமுடியாது. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டது யார்?

இன்னொன்றும் உண்டு. அந்த ஓட்டுச்சீட்டு கேட்ட கேள்வி தூய்மையான ஒற்றைக் கேள்வியும் அன்று. அதுவரை டென்வர் மக்கள் நகரம் முழுவதற்குமாக ஒரே நீண்ட பட்டியலில் தம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எவர் தம் பகுதியின் உறுப்பினர் என்றே தெரியாத நிலை. ஏழாவது திருத்தம் தொகுதிக்கு ஒருவர் என்ற முறையைத் தருவதாகச் சொன்னது, எட்டாவது சொல்லவில்லை. ஆக, தொகுதிக்கு ஒருவரும் வேண்டும், சம ஓட்டும் வேண்டும் என்று எண்ணியவனுக்குச் சீட்டில் இடமே இல்லை. சர்க்கரைப் பொங்கல் வேண்டுமானால் வேப்பங்காயையும் சேர்த்து விழுங்கு என்பது போன்ற ஏற்பாடு! “மக்கள் தீர்ப்பு” என்று முரசு கொட்டுகிறவர்கள், மக்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதை மெல்லிய குரலிலாவது சொல்லவேண்டாமா? எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன் முதலில். சீட்டில் இருந்த கேள்வியைப் பார்க்கத் தவறினேன். என் சினத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. “தவறாக முடிவெடுத்தால் மக்களே மறுபடி கையெழுத்துத் திரட்டி மாற்றிக்கொள்ளலாமே? நீதிமன்றம் ஏன் குறுக்கே வரவேண்டும்?” கொலராடோவில் அந்த வழி உண்மையில் திறந்தே இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம், ஆலைக்கு வரி, தொழிலாளிக்குச் சட்டம் இவையெல்லாம் ஆண்டுதோறும் அந்த மேல்சபையின் வாயில் வழியே நுழைந்துதான் வெளிவரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? அது மட்டுமன்று. ஓட்டில் தோற்றதனால் உரிமை இழந்தவனைப் பார்த்து, “ஓட்டில் வென்று மீட்டுக்கொள்” என்பது, கால் ஒடிந்தவனை ஓட்டப் பந்தயத்துக்கு அழைப்பது.

சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி ஜனநாயகத்தின் தாயகம் என்று புகழப்படும் நாடு. 1959இல் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று ஓட்டெடுத்தார்கள். யாரிடம்? ஆண்களிடம்! ஆண்கள் ‘வேண்டாம்’ என்றனர். மூன்றில் இரு பங்கினர். 1971இல்தான் நாடாளுமன்றத் தேர்தலுக்கு அந்த உரிமை கிடைத்தது. அதன் பின்னும் அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் சிறு மாநிலத்தில் ஆண்கள் சதுக்கத்தில் கூடி, இடுப்பில் வாளோடு நின்று, கை உயர்த்தி, மாநில அளவில் பெண்களுக்கு ஓட்டில்லை என்று முடிவு செய்துகொண்டேயிருந்தனர். 1990 ஏப்ரலிலும் அப்படியே. அந்த ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்சநீதி மன்றம் தலையிட்டு, பெண்களுக்கும் உரிமை உண்டு என்றது. “மக்களே மாற்றிக்கொள்வார்கள், பொறுங்கள்” என்று அந்த மாநிலத்துப் பெண்ணிடம் சொன்னவர் எத்தனை பேரோ! பொறுத்துப் பொறுத்துக் கிழவியாகிச் செத்தவள் எத்தனை பேரோ!

நிலத்தையும் வட்டாரத்தையும் எண்ணத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அலபாமா காட்டிற்று. கொலராடோ தீர்ப்பு வந்த அதே நாளில் அலபாமா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அங்கே 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வகுத்த தொகுதிகளை அறுபது ஆண்டுக்கு மேல் தொடவேயில்லை. ஜெபர்சன் மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்கு மேல் மக்கள், ஒரு செனட்டர். லௌண்டஸ் மாவட்டத்தில் 15,417 மக்கள். அதற்கும் ஒரு செனட்டர். நாற்பது மடங்கு! இது கணக்கின் கொடுமை. கணக்குக்குள் இன்னொரு கொடுமை ஒளிந்திருந்தது. லௌண்டஸ் மக்களில் ஐந்தில் நால்வர் கருப்பின மக்கள்; 1965ஆம் ஆண்டு பிறந்தபோது அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதினைந்தாயிரம் பேரின் பெயரால் வந்த கனத்தை, பண்ணையும் சாட்டையும் வைத்திருந்த சில ஆயிரம் வெள்ளையர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊமையாக்கப்பட்டவன் தலையை எண்ணி, ஊமையாக்கியவன் கையில் ஓட்டைக் கொடுத்த ஏற்பாடு அது. சட்டசபை உறுப்பினர்கள் மக்களுக்குப் பிரதிநிதிகளேயன்றி மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்லர் என்று வாரன் அந்தத் தீர்ப்பில் சொன்னது வேடிக்கைக்காக அன்று.

அந்த வாரனைப் பற்றியும் ஒரு சொல். 1948இல் அவர் கலிபோர்னியாவின் கவர்னர். அங்கும் நிலத்துக்கு ஓட்டுத் தரும் மேல்சபைதான். 1926இல் மக்கள் ஓட்டெடுப்பே அதை உண்டாக்கிற்று. 1960 அளவில் அறுபது இலட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக்கு ஒரே செனட்டர். பதினாலாயிரம் பேர் கொண்ட மலைத் தொகுதிக்கும் ஒரே செனட்டர். 1948இல் அதை மாற்ற ஓட்டெடுப்பு வந்தபோது, “மாற்றவேண்டாம்” என்று பேசியவர் இதே வாரன்! பதினாறு ஆண்டு கழித்து நீதிபதி இருக்கையிலிருந்து நேர்மாறாகத் தீர்ப்பெழுதினார். முன்பு தான் கொண்ட கருத்துத் தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார். “அன்று அப்படிச் சொன்னாயே!” என்று கேலி செய்வோர் உண்டு. எனக்கோ அவர்மீது மதிப்பு அதிகமாயிற்று. சிந்தனை அசையாமல் கிடப்பதற்குப் பெயர் கொள்கை உறுதியா?

அதற்காக நீதிமன்றத்தைக் கோயிலாக்கி, நீதிபதிக்குத் தேங்காய் உடைக்க நான் ஆயத்தமாக இல்லை. கருப்பின மக்கள் குடிமக்களே ஆகமுடியாது என்று 1857இல் சொன்னதும் இதே வாஷிங்டன் மன்றம்தான். கட்சிக்கு ஆதாயம் தேடித் தொகுதி எல்லைகளை வளைத்தும் நெளித்தும் வரையும் மோசடியில் தலையிடமாட்டோம் என்று 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைகழுவியதும் அதே மன்றம்தான். அந்த மோசடிக்கு எதிராகக் கொலராடோவில் 2018இலேயே மக்கள் ஓட்டெடுப்பு வழியாகத் தொகுதி வகுக்கும் பொறுப்பைத் தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தனர். நூற்றுக்கு 71 பேர் ஆதரித்தனர். ஆகவே, மன்றம் என்றால் நல்லது, மக்கள் ஓட்டெடுப்பு என்றால் கெட்டது என்று சூத்திரம் எழுதிவிட முடியாது.

1951இல் நம் வகுப்புவாரி உரிமையை மன்றம் அடித்தது தவறு. 1964இல் கொலராடோத் திருத்தத்தை அடித்தது சரி. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்லலாம்? சொல்லலாம். அங்கே அடிபட்டது, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே கொண்டுவந்த ஆணை. இங்கே அடிபட்டது, உள்ளே இருப்பவனில் ஒருவனுக்கு உயர்ந்த இருக்கையும் ஒருவனுக்குத் தாழ்ந்த இருக்கையும் போட்ட திருத்தம். முடிவு செய்தவர் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்.

தீர்ப்புக்குப் பின் அமெரிக்காவில் பெரும் புயல் வீசிற்று. மாநிலங்களில் ஒரு சபையை மக்கள் ஓட்டெடுப்பின் ஒப்புதலோடு மக்கள் தொகையல்லாத முறையில் அமைக்கலாம் என்று நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த முயன்றார் செனட்டர் எவரெட் டர்க்சன். 1965இல் செனட்டில் 57 பேர் ஆதரவு, 39 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரு பங்கு கிட்டாமல் முயற்சி வீழ்ந்தது. கொலராடோ மக்கள் என்ன செய்தார்கள்? 1966இல் அவர்கள் முன் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது — இரு சபைக்கும் மக்கள் தொகைப்படியே தொகுதி, கீழ்சபைக்கு 65, மேல்சபைக்கு 35. ஏற்றுக்கொண்டார்கள்! நான்கே ஆண்டில்! மாநிலமும் பிளந்துவிடவில்லை, மலையும் சரிந்துவிடவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் இதை எழுதும்போதே உள்ளே ஒரு முள் உறுத்துகிறது. எடுத்துக் காட்டாமல் போவது நேர்மையன்று.

நாடாளுமன்றத் தொகுதிச் சீரமைப்பில் நாம் கேட்பது என்ன? மக்கள் தொகையை மட்டும் பார்த்து இடம் பங்கிடாதே என்கிறோம். 2025 மார்ச் 22ஆம் நாள் சென்னையில் தென்னாட்டுத் தலைவர்களும் பஞ்சாப் முதல்வரும் கூடிச் சொன்னதும் இதுவே. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்ததற்குத் தண்டனையா என்று கேட்கிறோம். தண்டனை நமக்குப் பழக்கம்தான். 1967 தேர்தலில் நம் மாநிலத்தின் இடங்கள் 41இலிருந்து 39 ஆயின. பின்னர் 1976இல் 42ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த பங்கீட்டை உறையவைத்தது. 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த உறைவை நீட்டியது. விளைவு? 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பதினெட்டரை இலட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். பீகாரில் 26 இலட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். கொலராடோ மலையூரானின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோமா?

“இல்லை” என்று நானே விரைந்து விடை சொன்னேன். பிறகு அந்த விடையைச் சோதித்தேன். கொலராடோ மாவட்டங்கள், ஆட்சி வசதிக்காக மாநிலம் கீறிய கோடுகள். அவற்றுக்குத் தனி அரசும் இல்லை, தனி மொழியும் இல்லை. இந்த வேறுபாட்டை வாரனே எடுத்துக்காட்டினார். கலிபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் நாட்டின் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம் என்பது மாநிலங்கள் கூடி ஒன்றியம் அமைத்தபோது செய்துகொண்ட உடன்பாடு, மாவட்டங்கள் அதைக் காட்டிச் சலுகை கேட்கமுடியாது என்றார். தமிழ்நாடு கோடா? 3ஆம் விதி மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, உண்மை. எல்லையை வரையலாம், மொழியை வரைய முடியுமா? இந்தவரையில் என் விடை நிற்கிறது.

ஆனால் அந்த விடை மாநிலங்களின் சபைக்குப் பொருந்துமேயன்றி, மக்கள் சபைக்கு முழுவதும் பொருந்தாது. மக்கள் சபையில் மக்களைத்தான் எண்ணவேண்டும். நம் சங்கடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: மாநிலங்கள் சமமாக அமரும் சபை இந்நாட்டில் இல்லவே இல்லை. மாநிலங்களவையிலும் உத்தரப்பிரதேசத்துக்கு 31, நமக்கு 18. அமெரிக்காவில் ஒரு சபையில் தலையை எண்ணி, மறுசபையில் மாநிலத்தை எண்ணுகிறார்கள். இங்கே இரு சபையிலும் தலைதான். அதனால்தான் மாநிலத்தின் உரிமையைக் காக்க, மக்கள் சபையின் எண்ணிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாகிறது. 1969இல் கலைஞர் ஆட்சி அமைத்த இராசமன்னார் குழு, மாநிலங்களவையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் வேண்டும் என்று 1971இலேயே சொல்லிற்று. 1974 ஏப்ரலில் நம் சட்டசபை மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிற்று. பள்ளியில் எந்த மொழி, வரியில் எவ்வளவு பங்கு, மருத்துவக் கல்லூரியில் யாருக்கு இடம் என்பவை டில்லியில் முடிவாகும் வரையில் அங்கே ஓர் இடம் குறைந்தாலும் நமக்கு நடுக்கம். அவை இங்கேயே முடிவானால்?

திருப்பூரில் பனியன் ஆலைகளில் பீகார் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். தேர்தல் வந்தால் ஊர் போய் ஓட்டளிக்கக் கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை. அவர்களில் ஒருவன் இந்த ஏட்டை எவரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, “அண்ணா, என் ஊரில் என் ஓட்டு, உங்கள் ஓட்டைவிட இலேசா?” என்று கேட்டால், “ஆம் தம்பி, இலேசாகத்தான் இருக்கிறது, அது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்” என்றுதான் தொடங்கவேண்டும். அதற்குப் பிறகு சுயாட்சியைச் சொல்வேன். இரு சபைகளின் கணக்கைச் சொல்வேன். அவன் ஊரின் வரியும் அவன் ஊரின் பள்ளியும்கூட டில்லியின் பிடியில் இருப்பதைச் சொல்வேன். அவன் ஒப்புக்கொள்வானோ, மாட்டானோ. கேட்டுவிட்டு அவன் திருப்பிக் கேட்கும் கேள்விக்கும் நான் ஆயத்தமாக இருக்கவேண்டும்.